பிள்ளைகளைச் செஞ்சி மலைக்கு அழைத்துப் போங்கள்

பாரிஸில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, 2025 ஜூலை 11 அன்று, மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளைத் தன் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது, நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. அந்தப் பட்டியலைப் படித்த அன்று என்னால் வெகுநேரம் வேறு வேலை பார்க்க முடியவில்லை. என் பள்ளிக்கால விடுமுறைகள் முழுவதும் அந்தக் கோட்டைகளுக்கு நடுவில்தான் கழிந்திருக்கின்றன.

நான் புனேயில் பிறந்தவள். அப்பாவுக்குக் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. பாட்டி வீடு திருவண்ணாமலைப் பக்கம், கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமம். மே மாதத்தின் முதல் பாதி புனேயில் முகாம், மறு பாதி பாட்டி வீடு என்பது எங்கள் வீட்டு வழக்கம். பட்டியலில் உள்ள ராஜ்கட், சிவ்நேரி, லோகட் மூன்றும் புனே மாவட்டத்தில் இருப்பவை. பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் மூன்றிலும் ஏறிவிட்டேன். செஞ்சியையோ திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பேருந்தின் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்தேன். கல்லூரிக்குப் போன பிறகுதான் அதன் படியில் கால் வைத்தேன். அந்தக் கோட்டையிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் வளர்ந்த என் சித்தி மகளும் அன்றுவரை அதில் ஏறியதில்லை.

புனேயில் இருப்பதைப் போன்ற மலை நம்மிடமும் இருக்கிறது. கோட்டையும் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகும் பழக்கம்தான் இல்லை. அதை நாம் உருவாக்கியாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

புனேயில் அந்தப் பழக்கம் எப்படி வேர்விடுகிறது என்று சொல்கிறேன். தீபாவளி நெருங்கினால் அங்கே பிள்ளைகள் வாசலிலும் குடியிருப்பு முற்றத்திலும் மண்ணைக் குழைத்துக் கோட்டை கட்டுவார்கள். செங்கல்லும் சாக்கும் அடுக்கி மேலே செம்மண் பூசி, புல் முளைக்க விதை தூவி, களிமண் வீரர்களை நிறுத்தி வைப்பார்கள். நம் வீடுகளில் கொலுவுக்குப் பக்கத்தில் மணல் கொட்டி, கடுகு முளைக்கவிட்டு, மலையும் பூங்காவும் அமைப்போமே, அதைப் போலத்தான். ஆனால் புனேப் பிள்ளை கட்டுவது ஊர் பேர் தெரியாத ஒரு மலையை அல்ல. இது ராஜ்கட், இது தோரணா என்று பெயர் சொல்லிக் கட்டும். எந்த வாசல் எந்தப் பக்கம் என்று தெருவில் பெரியவர்கள் வந்து திருத்துவார்கள். ஆறு வயதில் கையால் கட்டிய கோட்டையைப் பத்து வயதில் காலால் ஏறிப் பார்க்கும் ஆசை தானாக வந்துவிடும். முதலில் நகரத்துக்கு அருகிலேயே இருக்கும் சிங்ககட். பிறகு முகாம்.

காசு நிறைய வாங்கிக்கொண்டு ரிசார்ட்டில் தங்கவைக்கும் முகாம்கள் புனேயிலும் உண்டு. அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை. மலையேற்றச் சங்கங்கள், 1962-ல் தொடங்கிய ஞானபிரபோதினி போன்ற கல்வி அமைப்புகள், பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் எனப் பலர் ஆண்டுதோறும் நடத்தும் எளிய முகாம்களைப் பற்றிப் பேசுகிறேன். அவற்றில் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் இருபது வயதைத் தாண்டாத அல்லது இப்போதுதான் தாண்டிய கல்லூரி மாணவர்கள். அவர்களை அண்ணன் முறையில் ‘தாதா’ என்றும் அக்கா முறையில் ‘தாயி’ என்றும் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். நேற்று பிள்ளையாக வந்தவர் நாளை தாதாவாகவோ தாயியாகவோ வருவார். நானும் அப்படித்தான் இன்று முகாம்களுக்குத் தாயியாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ராஜ்கட் முகாம் எப்படி நடக்கும் தெரியுமா? ஸ்வார்கேட் நிலையத்திலிருந்து மாநில அரசின் சிவப்புப் பேருந்தில் கிளம்பி, அடிவார ஊரான குஞ்ஜவணேயில் இரவு தங்குவோம். மே மாதத்தில் பத்து மணிக்கெல்லாம் பாறை சுடத் தொடங்கிவிடும் என்பதால் விடிவதற்கு வெகு முன்பே எழுந்துவிட வேண்டும். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசியில் வருபவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுவார்கள். தன் ஜோடி எங்கே என்று யாரைக் கேட்டாலும் உடனே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீரை அவரவர்தான் சுமக்க வேண்டும். வாசனைத் திரவியம் பூசக் கூடாது, கத்தக் கூடாது. பாறை இடுக்குகளில் மலைத்தேனீக் கூடுகள் இருக்கும்.

சோர் தர்வாஜா என்ற சிறிய வாசல் வழியாகத் தவழாத குறையாக ஏறினால் பத்மாவதி மாச்சி என்ற சமதளம் வரும். அங்கே ஒரு ஏரி. மூச்சு வாங்க உட்கார்ந்த எங்களிடம் தாதா ஒரு கேள்வி கேட்டார். சிவாஜி ராய்கட்டுக்குத் தலைநகரை மாற்றுவதற்கு முன் ஏறக்குறைய கால் நூற்றாண்டு இந்த மலையில்தான் அரசு நடந்தது. இத்தனை உயரத்தில் அத்தனை ஆட்களுக்கும் குதிரைகளுக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பதிலை அவர் சொல்லவில்லை. தேடிக்கொண்டு வாருங்கள் என்றார். பாறையைக் குடைந்த தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். மழைநீர் எந்தச் சரிவில் வழிந்து எந்தத் தொட்டிக்குப் போகும் என்று விரலால் கோடு இழுத்துப் பார்த்தோம். எட்டாம் வகுப்புப் பாடத்தில் மழைநீர் சேகரிப்புக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று உண்டு. அதை நான் மனப்பாடம் செய்ததே இல்லை.

இறங்கி வந்ததும் ஊர்க்காரர் வீட்டுத் திண்ணையில் பாக்ரி ரொட்டியும், கடலை மாவில் கிண்டிய பிட்லாவும், மோரும். தெருவோரத்தில் பாட்டிகள் இலைத் தொன்னையில் களாப்பழம் விற்பார்கள். மே கடைசியில் ராஜ்மாச்சிப் பக்கம் போனால் மழைக்கு முந்தைய இரவுகளில் மரம் மரமாக மின்மினிகள் மின்னும். இதில் எதுவுமே விலை உயர்ந்தது அல்ல. பேருந்துக் கட்டணம், இரண்டு வேளைச் சாப்பாடு, பொறுப்பான அண்ணன் அக்கா சிலர். அவ்வளவுதான் செலவு.

மலை மட்டும்தான் முகாம் என்றும் நினைக்க வேண்டாம். வானியலறிஞர் ஜெயந்த் நார்லிகர் தொடங்கிவைத்த ‘ஐயூக்கா’ வானியல் மையம் புனே பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. கோடையில் பள்ளிப் பிள்ளைகளை ஒரு வாரம் அங்கேயுள்ள அறிவியலாளர்களோடு சேர்ந்து வேலை செய்ய அழைப்பார்கள். பாடத்திட்டம் கிடையாது, தேர்வு கிடையாது. நான் போன வாரத்தில் என்னிடம் ஒரு குச்சியைக் கொடுத்து வெயிலில் நட்டு அதன் நிழலை அளக்கச் சொன்னார்கள். மே நடுவில் ஒரு நாள் புனேயில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, குச்சியின் நிழல் அதன் காலடியிலேயே மறைந்துவிடும். நிழலில்லா நாள் என்பது அதுதான். சென்னையிலும் செஞ்சியிலும் அது ஏப்ரல் நான்காம் வாரத்திலேயே வந்துவிடும். இரண்டு ஊர்களின் தேதியும் ஏன் வேறுபடுகிறது என்று யோசித்தபோதுதான், நான் ரயிலில் தெற்கே போவதும் பூமி உருண்டையாக இருப்பதும் ஒரே கணக்குக்குள் வருவது புரிந்தது.

அந்த மையத்தின் முக்தாங்கண் அறிவியல் கூடத்தில் அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்துப் பிள்ளைகளுக்கு வடிவியல் சொல்லிக்கொடுத்தவர். குப்பையில் போகும் பொருளில் பாடம் இருக்கிறது என்பதை நாடு முழுக்கக் காட்டியவர்.

பிறகு நாராயண்காவ் அருகே கோடத். அங்கே 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ண வடிவ ஆண்டெனாக்கள் சுமார் 25 கிலோமீட்டர் தொலைவுக்குப் பரவி நின்று வானின் ரேடியோ அலைகளைப் பிடிக்கின்றன. அதைத் திட்டமிட்டுக் கட்டியவர் கோவிந்த் ஸ்வரூப். அவர் அதற்கு முன்பு கட்டியது எது என்று கேட்டு வாயடைத்துப் போனேன். 1970-ல் இயங்கத் தொடங்கிய நம் உதகை முத்தோரை ரேடியோ தொலைநோக்கி! 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பூமத்திய ரேகையிலிருந்து உதகை இருக்கும் கோணத்துக்குச் சமமான சரிவுள்ள ஒரு மலையைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேல் வடக்கு தெற்காகப் படுக்கவைத்திருக்கிறார்கள். பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடப்பதால், ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு விண்பொருளைப் பல மணி நேரம் தொடர முடியும். உதகைக்கு எத்தனை லட்சம் பேர் போகிறோம்! ரோஜாத் தோட்டத்தையும் படகுத்துறையையும் பார்த்துத் திரும்புகிறோம். ஒரு மலைச் சரிவையே கருவியின் பாகமாக்கிய அந்த அறிவை எத்தனை பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோம்? ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகமும் இருக்கிறது. பாட்டி வீட்டிலிருந்து புறப்பட்டால் ஒரே நாளில் போய்வரும் தூரம்தான்.

முகாம் முடிந்ததும் ரயில் பயணம். சோலாப்பூருக்கு முன்பே பீமா, ராய்ச்சூருக்கு முன்பு கிருஷ்ணா, பின்பு துங்கபத்திரா என்று ஆறுகளை எண்ணிக்கொண்டே வருவேன். மே மாதத்தில் பாதிக்கு மேல் பாறையும் மணலுமாகத்தான் இருக்கும். 1689-ல் சிவாஜியின் மகன் சம்பாஜி கொல்லப்பட்ட பிறகு அவர் தம்பி ராஜாராம், முகலாயப் படைகளிடமிருந்து தப்பி, இதே திசையில்தான் செஞ்சிக்கு வந்தார். ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருந்த செஞ்சி அன்று மராட்டிய அரசின் தலைநகரமாயிற்று. முகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டு அதைப் பிடிக்க 1698 வரை ஆயிற்று. புனேப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியும். ‘ஜிஞ்ஜி’ என்று அவர்கள் மரியாதையோடு சொல்லும் ஊரில் இறங்கி, அங்கே டீ குடித்துவிட்டு, மலையைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த பேருந்தில் ஏறுகிறவர்களாக நாம் இருக்கிறோம்.

என் சித்தி மகளின் கோடையைச் சொல்கிறேன். ஒன்பதாவது முடித்த ஏப்ரலில் அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிட்டது. விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித் துறை ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. ஆண்டுதோறும் வகுப்பு நடக்கிறது. வகுப்பு இல்லாத நேரத்துக்கு ‘சம்மர் கேம்ப்’ என்ற பெயரில் அபாகஸும் கையெழுத்துப் பயிற்சியும். அதுவும் நான்கு சுவர்களுக்குள் மின்விசிறிக்கு அடியில்தான். பாட்டி வீட்டுக்கு நான் வந்தால் அவளோடு பேச எனக்குக் கிடைப்பது இரவுச் சாப்பாட்டு நேரம் மட்டும். பதினான்கு வயதில் ஒரு பிள்ளை தன் காலின் பலத்தையும் தன் ஊரின் உயரத்தையும் அறியாமல் போவது சிறிய இழப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது.

சித்தியைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு விடியற்காலையில் அவளையும் தெருப் பிள்ளைகளையும் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக்கு அழைத்துப் போனோம். கல்யாண மஹால், தானியக் களஞ்சியம், ஆனைக்குளம் எல்லாம் பார்த்து, குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றிக்கொண்டு படி ஏறினோம். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால்தான் மேலே போக முடியும். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி எப்படி வருவான் என்று பொடியன் ஒருவன் கேட்டான். அதற்குள் இன்னொருத்தி, முற்றுகை அத்தனை ஆண்டு நடந்ததே, சோற்றுக்கும் தண்ணீருக்கும் என்ன செய்தார்கள் என்று கேட்டாள். எனக்கு ராஜ்கட்டில் கேட்கப்பட்ட அதே கேள்வி, யாரும் தூண்டாமல் ஒரு கிராமத்துச் சிறுமியின் வாயிலிருந்து வந்தது. களஞ்சியத்தையும் குளத்தையும் பார்த்துவிட்டு வந்தவளுக்குப் பதிலைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. தேசிங்கு ராஜன் கதையைத் தெருக்கூத்தில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். கதை நடந்த கல்லைத் தொட்டுப் பார்த்தபோது அந்த முகங்களில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

பெற்றோர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் இளைஞர்கள். அந்தச் செய்தியைப் படித்த எந்தத் தாயும் பிள்ளையை மலைக்கு அனுப்ப இரண்டு முறை யோசிப்பாள். புனேயும் பாதுகாப்பான சொர்க்கம் அல்ல. 2025 ஜூன் 15 அன்று இந்திராயணி ஆற்றின் குந்த்மளாவில் பழைய பாலம் இடிந்து நான்கு பேர் மாண்டார்கள். மழைக்கால வெள்ளத்தை வேடிக்கை பார்க்க, நடத்த ஒரு ஆள் இல்லாமல், கட்டுப்பாடு இல்லாமல் திரண்ட கூட்டம் அது. ஆபத்து மலையைக் காட்டிலும் இப்படிப் போகும் போக்கில்தான் அதிகம் இருக்கிறது. தவறான பருவம், அனுமதி இல்லாத பாதை, பயிற்சி இல்லாத வழிகாட்டி, எண்ணிக்கை தெரியாத கூட்டம் ஆகியவைதான் உயிரைக் குடிக்கின்றன. எங்கள் முகாம்களில் மழை இறங்கிவிட்டால் வழுக்குப் பாறைப் பாதைகளைத் தொட மாட்டோம். முதலுதவி தெரியாதவர் தாயியாகவோ தாதாவாகவோ வர முடியாது.

குரங்கணிக்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத் துறை வழியாக 40 பாதைகளுடன் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டமும் தொடங்கியது. மலையடிவாரப் பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியிருக்கிறார்கள். நல்ல தொடக்கம். ஆனால் இணையத்தில் பதிவு செய்து கட்டணம் கட்டிப் போகக்கூடிய குடும்பங்களுக்கான வழி அது. கீழ்பென்னாத்தூர் அரசுப் பள்ளிப் பிள்ளையிடம் அது தானாக வந்து சேராது. அந்தப் பிள்ளைக்குப் பள்ளிதான் வழி.

எனவே என் கோரிக்கை இதுதான். அரசுப் பள்ளியில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆண்டுக்கு ஒரு முறை, ஓர் இரவும் ஒரு விடியலும் வெளியில் கிடைக்க வேண்டும். விழுப்புரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் செஞ்சி. திண்டுக்கல், நாமக்கல், சங்ககிரி, திருமயம் ஆகிய ஊர்களில் கோட்டை தயாராக நிற்கிறது. குமரிக்கு உதயகிரி, மயிலாடுதுறைக்குத் தரங்கம்பாடி. கோட்டைக்குள் தங்க வேண்டியதில்லை, அடிவாரத்து அரசுப் பள்ளி போதும். இந்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. நம் வெயிலுக்கு ஏற்றாற்போல் ஏப்ரல் கடைசி வாரத்தில் விடியலில் ஏறி, எட்டரைக்குள் இறங்கிவிடலாம். செஞ்சிப் பக்கம் நிழலில்லா நாளும் ஏறக்குறைய அப்போதுதான் வருகிறது. காலையில் கோட்டை, நண்பகலில் பள்ளி முற்றத்தில் ஒரு குச்சி, இரவில் நட்சத்திரம் என்று ஒரு நாள் நிறைந்துவிடும்.

அழைத்துப் போக ஆள் எங்கே என்று கேட்கலாம். 2021 அக்டோபரில் இதே விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் அருகேதான் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. மாநிலம் முழுக்க எத்தனை ஆயிரம் தன்னார்வலர்கள் முன்வந்தார்கள்! அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டமும் தேசிய மாணவர் படையும் இருக்கின்றன. கிராமத்தில் ஏழு நாள் முகாம் போடுவது நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு ஏற்கெனவே வழக்கம்தான். அறிவியலை ஊர் ஊராகக் கொண்டுபோன தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இருக்கிறது. இவர்களிலிருந்து மாவட்டத்துக்குச் சில நூறு பேரைத் தேர்ந்து, முதலுதவியும் வழிநடத்தலும் கற்றுக்கொடுத்து, மதிப்பான ஊக்கத்தொகையும் சான்றிதழும் கொடுங்கள். இத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற விகிதம், மருத்துவ வசதி, பெற்றோர் ஒப்புதல், காப்பீடு ஆகியவற்றை எழுத்தில் விதியாக்குங்கள். மகாராஷ்டிரம் 2021-ல் சாகசச் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. பிள்ளைகள் முகாமுக்கென்று ஒரு தனி விதித்தொகுப்பை நாம் அதற்கும் மேலாகச் செய்ய முடியும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சித்தி தன் மகளை விட மறுத்ததற்குக் காரணம் மலை இல்லை. ‘பொம்பளப் புள்ளைய யாரோட அனுப்பறது?’ என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. நான் கூட வருகிறேன் என்றதும் பாதித் தயக்கம் போயிற்று. கழிப்பறைக்கு என்ன செய்வாள் என்பது மீதித் தயக்கம். இந்த இரண்டு கேள்விக்கும் முகாம் தொடங்குவதற்கு முன்பே பதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் கட்டாயம் ஓர் அக்கா, அடிவாரத்தில் தண்ணீர் வரும் சுத்தமான கழிப்பறை, மாதவிலக்கு நாட்களுக்குத் தேவையான பொருட்கள். இவை இல்லாவிட்டால் முகாமில் பையன்கள் மட்டும்தான் இருப்பார்கள். பாதிப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு நடத்தும் முகாமை நான் முகாமாகவே மதிக்க மாட்டேன்.

ஒரு நாள் மலை ஏறினால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் கூடுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். கூடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. தன் ஜோடி பின்தங்கினால் நிற்கக் கற்றுக்கொள்வார்கள். தண்ணீரை அளந்து குடிக்கக் கற்றுக்கொள்வார்கள். தன் ஊரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு, அதற்குத் தானே பதில் தேடலாம் என்ற துணிச்சல் வரும். இதற்காகத்தானே பள்ளிக்கூடம் வைத்திருக்கிறோம்?

யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தால் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், கடைகள் வரும், அறிவிப்புப் பலகைகள் வரும். எல்லாம் வரட்டும். அவர்களுக்கு முன்பாக அந்த மலையில் ஏற வேண்டியவர்கள் அதன் நிழலில் வளரும் பிள்ளைகள். வரும் ஏப்ரலில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் பள்ளிகள் சிலவற்றிலிருந்தாவது இதைத் தொடங்கட்டும். வழிநடத்த ஆள் தேவை என்றால், புனேயிலிருந்து ரயிலேறி வர நான் தயாராக இருக்கிறேன். என்னோடு முகாம்களில் வளர்ந்த தோழிகளையும் அழைத்து வருவேன். அனுமதிக் கடிதம் ஒன்று போதும்.